கவசத்தைக் கழற்றிய மீன்கள்: வாசகர் கேள்வி-பதில்

பரிணாமம் பற்றி வந்த கேள்விகளில் மீன் தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் நன்னீர் மீன்கள். கண்ணெதிரே, ஒரு மனித ஆயுளுக்குள், மாறிக்காட்டிய உயிர்கள் அவை.

கேள்வி (பள்ளி ஆசிரியை, திருவாரூர்): பரிணாமத்துக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பத்து இருபது ஆண்டுகளில் மீன்கள் மாறிவிட்டன என்று படிக்கிறேன். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், டீச்சர். மீனிலிருந்து நாலுகால் பிராணி வருவதற்கு லட்சம் ஆண்டுகளும் போதாது. ஆனால் ஒரு மீன் கூட்டத்தில் யாருக்கு எத்தனை செதில் தகடு என்ற கணக்கு மாறப் பத்தாண்டே போதும்.

அலாஸ்காவில் லோபெர்க் என்று ஒரு சின்ன ஏரி. தூண்டில் போடுகிறவர்களுக்காக அதில் ட்ரவுட்டும் சால்மனும் விடலாம் என்று முடிவாகி, 1982இல் மருந்து கலந்து, இருந்த மீன்களை எல்லாம் அழித்தார்கள். அங்கிருந்த ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு மீனும் அதோடு ஒழிந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், கடலிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவந்த வேறொரு ஸ்டிக்கிள்பேக் கூட்டம் அதில் குடியேறியது. மைக்கேல் பெல் என்ற ஆய்வாளர் 1990இல் அங்கே மீன் பிடித்துப் பார்த்தார். நூற்றுக்கு 96 மீன்கள் கடல் மீன் மாதிரியே உடல் முழுக்க எலும்புத் தகடு போர்த்தியிருந்தன. ஆண்டு தவறாமல் எண்ணிக்கொண்டே வந்தார். 2001இல் முழுக் கவசம் உள்ளவை 11 சதவீதம். கவசம் குறைந்தவை 75 சதவீதம். இந்த மீனுக்கு ஒரு தலைமுறை என்பது சுமார் இரண்டு ஆண்டு. ஆக, ஐந்தாறு தலைமுறைக்குள் ஏரியே ஆள் மாறிவிட்டது.

உங்கள் வகுப்பில் இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே மீதிப் பாடத்தை நடத்திவிடும்.

கேள்வி (இல்லத்தரசி, காரைக்குடி): அந்த ஸ்டிக்கிள்பேக் என்ன மீன்? குழம்புக்கு ஆகுமா?

பதில்: ஆகாது அம்மா. ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும், அதிலும் பாதி முள். வடக்கே குளிர்ந்த கடலோரங்களிலும் ஏரிகளிலும் ஓடைகளிலும் வாழ்வது. நம் பக்கம் கிடையாது. ஆனால் கிட்டத்தில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு. முதுகில் தனித்தனியாக மூன்று முள், வயிற்றுப் பக்கம் இரண்டு. ஆபத்து வந்தால் அந்த முட்களை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் பெரிய மீனின் வாய்க்குள் போவதும் கடினம், தொண்டையில் இறங்குவதும் கடினம். கடலில் வாழும் வகைக்குச் செதிலுக்குப் பதில் விலாவில் தலை முதல் வால் வரை, ஒரு பக்கத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புத் தகடுகள்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் தொண்டை ரத்தச் சிவப்பாகிவிடும். பாசித் துணுக்குகளைப் பொறுக்கிவந்து, தன் சிறுநீரகத்தில் சுரக்கும் பசையால் ஒட்டி, கூடு கட்டும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கு விசிறி விசிறிப் புதுத் தண்ணீர் காட்டுவதும், பொரிந்த குஞ்சுகளைக் காப்பதும் அப்பாவின் வேலை.

கேள்வி (வழக்கறிஞர், மதுரை): கவசம் நல்லதுதானே? நல்லதை ஏன் ஒரு உயிர் இழக்க வேண்டும்?

பதில்: கவசம் இனாமாக வருவதில்லை. எலும்புத் தகடு செய்யச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கடலில் அது தாராளம், பல ஏரிகளில் பற்றாக்குறை. தகடு செய்யச் செலவழிக்காத குஞ்சு வேகமாக வளர்கிறது. வேகமாக வளர்ந்தால் குளிர்காலத்தைத் தாண்டும் வாய்ப்பு கூடுகிறது. சீக்கிரம் முட்டையும் இடலாம். தகடில்லாத உடம்பு சட்டென்று வளைந்து பாயவும் செய்யும். ஒளிந்துகொள்ளச் செடி கொடி நிறைந்த ஏரியில் அந்தப் பாய்ச்சல் தகட்டைவிட நன்றாகக் காப்பாற்றுகிறது.

சில ஏரிகளில் வயிற்று முட்களும் போய்விட்டன. அங்கே குஞ்சுகளை வேட்டையாடுவது பெரிய மீன் இல்லை, தண்ணீருக்குள் வாழும் தும்பிக் குஞ்சு. அது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியாக இருப்பதே அந்த முள்தான் என்பது ஒரு விளக்கம். பெரிய மீனிடமிருந்து காப்பாற்றிய உறுப்பு பூச்சியிடம் மாட்டிவிடுகிறது. எதிரி மாறினால் நல்லது எது, கெட்டது எது என்பதும் மாறும். உங்கள் தொழிலில் இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (கல்லூரி மாணவி, நாகர்கோவில்): பத்தே ஆண்டில் புதிய மரபணு எங்கிருந்து முளைத்தது? சடுதிமாற்றம் அவ்வளவு வேகமாக நடக்குமா?

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் ஆழமானது உங்களுடையது. புதிதாக எதுவும் முளைக்கவில்லை. ஏற்கெனவே இருந்தது.

தகடுகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஈடிஏ என்ற ஒரு மரபணு. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கிங்ஸ்லியின் குழு 2005இல் இதை வெளியிட்டது. அதில் இரண்டு வகை. ஒன்று முழுக் கவசம் தரும், மற்றது குறைக் கவசம். கடலில் வாழும் மீன்களில் அந்தக் குறைக்கவச வகை மிக அரிதாக, நூற்றில் ஒன்று என்ற அளவில், ஒளிந்திருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு படிகள் வருவதால், ஒரு படி மட்டும் குறைக்கவச வகையாக இருக்கும் மீன் பார்வைக்குக் கிட்டத்தட்டக் கவசத்தோடுதான் இருக்கும். யாருக்கும் தெரியாது. அந்த மீன் ஏரிக்கு வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழ். பரணில் கிடந்த அண்டா கல்யாண வீட்டில் முதல் பாத்திரமாக இறங்குவதைப் போல, அத்தனை காலம் வேலையில்லாமல் கிடந்த அந்த வகை சில தலைமுறைகளில் முன்னுக்கு வந்துவிடுகிறது. அதன் வயதைக் கணித்தார்கள்: சுமார் 20 லட்சம் ஆண்டுகள். இன்று ஸ்டிக்கிள்பேக் வாழும் ஏரிகளில் பல, பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் விலகிய பிறகு உண்டானவை. வயது பத்தாயிரம், பதினையாயிரம் ஆண்டு. ஏரியைவிட அந்த மரபணு வகைக்கு வயது பல மடங்கு அதிகம்.

ஆக, வேகம் என்று நாம் வியப்பது பழைய சேமிப்பைச் செலவழிக்கும் வேகத்தை. சேமிப்பு சேர்ந்தது மெல்லத்தான். கீழே வரும் பல கேள்விகளுக்கும் என் பதில் இங்கேதான் வந்து நிற்கும்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும். நம் உடம்பிலும் இந்த ஈடிஏ மரபணு உண்டு. அது பழுதானால் பல், முடி, வியர்வைச் சுரப்பி மூன்றும் சரியாக வளராது. சிந்து மாகாணத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறை ஆண்களுக்குப் பல் மிகக் குறைவாகவும் தலை வழுக்கையாகவும் இருந்ததையும், வெயில் காலத்தில் அவர்கள் பட்ட பாட்டையும் டார்வின் எழுதியிருக்கிறார். அது எந்த மரபணு என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மீனின் தகடும் மனிதனின் பல்லும் ஒரே அடிப்படைக் கட்டளையில் வளர்பவை என்று தெரிய இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், தர்மபுரி): மீனுக்குத் தேவை ஏற்பட்டதும் அது தன்னை மாற்றிக்கொள்கிறது. சரியா சார்?

பதில்: இல்லை தம்பி. எந்த மீனும் தன் தகடுகளை உதறவில்லை. தகடு வளர்ந்த மீன் தகடோடுதான் செத்தது. அது விட்டுச்சென்ற குஞ்சுகள் குறைவு, தகடு குறைந்த மீன் விட்டுச்சென்றவை அதிகம். மாறியது மீன் இல்லை, கூட்டத்தின் கணக்கு. தேர்வில் இப்படி எழுது, முழு மதிப்பெண் உறுதி.

கேள்வி (மீன் பண்ணை நடத்துபவர், தஞ்சாவூர்): என் குட்டையில் ஜிலேபி நெருக்கடியாக இருந்தால் உள்ளங்கை அளவிலேயே சினைபிடித்துவிடுகிறது. விசாலமான குளத்தில் விட்டால் நன்றாக வளர்கிறது. இதுவும் பரிணாமமா?

பதில்: இதில் பரிணாமம் இல்லை. ஆராய்ச்சியாளர்களையே அடிக்கடி தடுமாற வைக்கும் இடம் இது. அதே மரபணுவை வைத்துக்கொண்டு சூழலுக்கு ஏற்ப உடம்பை வளைத்துக்கொள்ளும் திறன் ஜிலேபிக்கு நிறைய. இடமும் தீனியும் குறைந்தால் வளர்ச்சியை நிறுத்திவிட்டு முட்டைக்குப் போய்விடும். இடம் மாற்றினால் வளர்ச்சி திரும்புகிறது என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அதுதான் சரியான சோதனை.

ஐரோப்பாவில் குருசியன் கெண்டை என்று ஒன்று. பைக் என்ற வேட்டை மீன் இருக்கும் குளத்தில் அது வயிறும் முதுகும் புடைத்து அகலமாக வளரும். விழுங்க வாய் கொள்ளாது. பைக் இல்லாத குளத்தில் அதே மீன் ஒல்லி. 1992இல் வெளியான சோதனையில், ஒரே குளத்து மீன்களைப் பிரித்து வைத்தே இதைக் காட்டினார்கள். அங்கேயும் மரபணு மாறவில்லை.

பரிணாமம்தான் என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு இடத்து மீன்களையும் கொண்டுவந்து ஒரே தண்ணீர், ஒரே தீனி கொடுத்து, முடிந்தால் இரண்டு தலைமுறை வளர்க்க வேண்டும். பேரக்குழந்தைகளிலும் வித்தியாசம் நின்றால் அது ரத்தத்தில் ஊறியது. மறைந்துபோனால் வளர்ப்பில் வந்தது. உங்களிடம் இரண்டு தொட்டி இருந்தால் இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம்.

கேள்வி (வண்ணமீன் வியாபாரி, கொளத்தூர், சென்னை): எங்கள் கடையில் அதிகம் போவது கப்பி. அதற்கு இதில் பங்கு உண்டா?

பதில்: பெரிய பங்கு. பாடப்புத்தகத்தில் நடுநாயகமாக உட்காரும் அளவுக்கு.

வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு தின்ன விடும் அதே கப்பியின் சொந்த ஊர் டிரினிடாட் தீவும் அதை ஒட்டிய தென் அமெரிக்கக் கரையும். டிரினிடாட்டின் வடக்கு மலைத்தொடரில் ஒவ்வொரு ஓடையிலும் அருவிகள். அருவிக்குக் கீழே பைக் சிக்லிட் என்ற பெரிய வேட்டை மீன் இருக்கும், வளர்ந்த கப்பிகளைத் தின்னும். அருவி ஏற முடியாததால் மேலே அது இருக்காது. அங்கே இருப்பது ரிவுலஸ் என்ற சிறிய மீன், அது எப்போதாவது குட்டிக் கப்பியைத் தின்பதோடு சரி. கீழே வாழும் கப்பிக்கு நாளை உயிரோடிருப்போமா என்ற நிலை. அதனால் சின்ன வயதிலேயே பருவமடைந்து, சின்னச் சின்னக் குட்டிகளாக நிறையப் போடும். ஆணுக்கு வண்ணப் புள்ளிகளும் அடக்கமாகத்தான் இருக்கும், பளிச்சென்று மின்னினால் எதிரி கண்ணில் படும். மேலே அவசரமில்லை. தாமதமாகப் பருவம், பெரிய குட்டிகள், கொஞ்சம் குட்டிகள். ஆண்கள் வண்ணத்தில் தாராளம்.

1976இல் ஜான் எண்ட்லர், அரிப்போ ஆற்றில் கீழே இருந்த கப்பிகள் சுமார் 200ஐ எடுத்துக் கப்பியே இல்லாத ஒரு கிளை ஓடையில் விட்டார். அங்கே ரிவுலஸ் மட்டும். டேவிட் ரெஸ்னிக் அதைத் தொடர்ந்து கவனித்தார். 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைகளில், அந்தக் கப்பிகள் மேல் ஓடைக் கப்பிகளாகவே ஆகிவிட்டன. பிந்திய பருவம், பெரிய குட்டி, எல்லாமே. ஆய்வகத்தில் இரண்டு தலைமுறை வளர்த்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றது. தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்ன அதே சோதனை. 1997இல் ரெஸ்னிக் குழு கணக்குப் போட்டபோது, இந்த மாற்றத்தின் வேகம் புதைபடிவங்களில் காணும் வேகத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு முதல் ஒரு கோடி மடங்கு வரை இருந்தது.

இதே வேலையைத்தான் உங்கள் தொழிலிலும் செய்கிறார்கள், வேறு கையால். வால் அகலமான ஆணைப் பொறுக்கித் தனித்தொட்டியில் விடும்போது அங்கே தேர்வு செய்வது மனிதக் கண். ஓடையில் தேர்வு செய்வது பைக் சிக்லிட்டின் வாய்.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர், கோயம்புத்தூர்): மாறியது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புமா?

பதில்: திரும்பும். அதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரி சாட்சி. ஏரியைக் காப்பாற்றிய கதையாகவே இதைச் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் அது நடக்காது என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து கழிவுநீர் அந்த ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. சுத்திகரித்தும் அதில் பாஸ்பரஸ் மிச்சம். பாசிக்கு அதுதான் உரம். 1955இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட்சனும் அவரோடு இருந்தவர்களும் அசிலட்டோரியா என்ற நீலப்பச்சைப் பாசியைக் கண்டார்கள். ஐரோப்பிய ஏரிகள் கெடத் தொடங்கிய முதல் கட்டத்தில் வந்த அதே பாசி. இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று எட்மண்ட்சன் முன்கூட்டியே சொன்னார். 1958இல் மக்கள் வாக்களித்துக் கழிவுநீரைத் திருப்பிவிட ஒரு பொது அமைப்பை உண்டாக்கினார்கள். 1963இல் திருப்பத் தொடங்கி 1968இல் முடித்தார்கள். கலங்கிக் கிடந்த நாட்களில் முக்கால் மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. பிறகு ஏழரை மீட்டர் ஆழம்வரை பார்வை போகும் அளவுக்குத் தெளிந்தது.

இனி மீன். 1960களின் கடைசியில் அந்த ஏரியில் முழுக் கவச ஸ்டிக்கிள்பேக் வெறும் 6 சதவீதம். கலங்கல் தண்ணீரே போதுமான மறைப்பு. தண்ணீர் தெளிந்ததும் கட்த்ரோட் ட்ரவுட் என்ற வேட்டை மீனுக்கு எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. ஒளிய இடமில்லாத மீனுக்கு மீண்டும் தகடு வேண்டியதாயிற்று. கேட்டி பைக்கெலின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் முழுக் கவசம் 49 சதவீதம், அரைகுறைக் கவசம் 35 சதவீதம். நாற்பது ஆண்டுக்குள் திரும்பிய பயணம்.

ஏன் முடிந்தது? முழுக்கவச மரபணு வகை அந்த ஏரியில் முற்றிலும் அழிந்துபோகவில்லை. 6 சதவீத மீன்கள் அதைச் சுமந்துகொண்டிருந்தன. நாகர்கோவில் மாணவிக்குச் சொன்ன சேமிப்பு, இங்கே எதிர்த்திசையில் செலவானது. பொறியாளரான உங்களுக்கு இன்னொன்றும் பிடிக்கும்: ஒரு குழாய் வேலை, மீனின் எலும்பு வரை போய்த் தெரிந்திருக்கிறது.

கேள்வி (வாசகர், சிவகாசி): மீன் எவ்வளவு வேகமாக மாறினாலும் மனிதன் அதைவிட வேகம். சரிதானே?

பதில்: வலையும் வாய்க்காலும் மாறும் வேகத்தைச் சொல்கிறீர்கள் என்றால், சரிதான்.

கேள்வி (தொழிலதிபர், கரூர்): மீன்கள் இவ்வளவு திறமையாகச் சமாளிக்கும் என்றால் கழிவுநீர் பற்றி ஏன் இத்தனை கூச்சல்? பழகிக்கொள்ளுமே?

பதில்: ஒரு மீன் பழகிக்கொண்டது. அதன் வரலாற்றைச் சொல்கிறேன், பிறகு நீங்களே பாருங்கள்.

நியூயார்க் வழியே ஓடும் ஹட்சன் ஆற்றில் 1947 முதல் 1976 வரை இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து பிசிபி என்ற வேதிப்பொருள் கலந்தது. அளவு, ஆறு லட்சம் கிலோவை ஒட்டி. மின்சாதனங்களில் பயன்பட்ட எண்ணெய் போன்ற பொருள், எளிதில் சிதையாது. மீன் கருவின் இதயத்தைக் கெடுக்கும். அந்த ஆற்றில் குளிர்காலத்தில் முட்டையிட வரும் டாம்காட் என்ற மீன் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது என்று ஐசக் விர்ஜினும் கூட்டாளிகளும் தேடினார்கள். 2011இல் விடை வெளியானது. ஏஎச்ஆர்2 என்ற மரபணுவில் ஆறே ஆறு எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனால் அந்த மரபணு செய்யும் புரதத்தில் நஞ்சு சரியாக ஒட்ட முடியவில்லை. ஹட்சன் டாம்காட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இந்த வகை. பக்கத்து, சுத்தமான ஆறுகளில் அது அபூர்வம்.

இதை வெற்றி என்று எண்ண இரண்டு விஷயங்கள் இடம் கொடுப்பதில்லை. முதலாவது, அந்த ஆறெழுத்து இல்லாத மீன்கள் மிஞ்ச வேண்டுமென்றால், அந்த எழுத்துகள் இருந்த மீன்கள் சாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் செத்தன. பரிணாமத்தின் வேகம் என்பது சாவின் வேகம்தான், அதைத் தனியே பிரிக்க முடியாது. இரண்டாவது, நஞ்சைத் தாங்கும் மீன் நஞ்சை வெளியேற்றுவதில்லை. உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டு நீந்துகிறது. அதைத் தின்னும் பெரிய மீனுக்கு அந்த ஆறெழுத்து அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஒரு இனம் பிழைத்ததால் மற்றவற்றுக்கு நஞ்சு போய்ச்சேரும் வழி திறந்துவிட்டது.

டாம்காட்டிடம் தற்செயலாக அந்த வகை இருந்தது. அது இல்லாத மீன் இனம் பழகுவதற்குள் அழிந்துபோகலாம், எலும்புதான் மிஞ்சும். ஆகவே உங்கள் ‘பழகிக்கொள்ளுமே’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை.

கேள்வி (புகைப்படக்காரர், புதுச்சேரி): தண்ணீர் கலங்கினால் மீன் இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்கிறார்களே, எப்படி?

பதில்: வெளிச்சத்தோடு வேலை செய்கிறவர் கேட்கிறீர்கள், பதிலும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சுமார் 15,000 ஆண்டுகளில் ஐந்நூறு வகை சிக்லிட் மீன்கள் தோன்றின. அதில் நெருங்கிய இரண்டு இனங்கள். ஒன்றின் ஆண் நீலம், மற்றதன் ஆண் முதுகு சிவப்பு. நீலம் மேல்மட்டத்தில், சிவப்பு சற்று ஆழத்தில். அந்த ஏரி நீரில் ஆழம் போகப்போக நீல ஒளி வடிகட்டப்பட்டுச் சிவப்பு பக்கம் சாய்கிறது என்பதால் கண்ணும் வண்ணமும் அதற்கேற்ப அமைந்தன. பெண் தன் இனத்து ஆணை நிறத்தை வைத்தே தேர்ந்தெடுக்கும். ஓலே சீஹவுசன் அவற்றை ஒற்றை நிற விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். எது எந்த நிறம் என்று தெரியாமல் பெண்கள் இரண்டு ஆண்களிடமும் போயின. ஏரியில் சகதியும் பாசியும் கூடிய பகுதிகளில் நடந்திருப்பது அதுவே. தெளிந்த நீரில் இரண்டு இனங்கள், கலங்கிய நீரில் இடைப்பட்ட நிறத்தில் ஒரே கலவை.

ஆல்ப்ஸ் ஏரிகளிலும் இப்படி. கான்ஸ்டன்ஸ் ஏரியில் கில்ச் என்ற வெண்மீன் ஆழத்தில் மட்டும் முட்டையிட்டு வாழ்ந்தது. கழிவின் உரத்தால் பாசி பெருகி, செத்து, அடியில் அழுகி, ஆழத்தின் ஆக்ஸிஜனைத் தின்றுவிட்டது. ஆழத்தில் இருக்க முடியாமல் கில்ச் மேலே வந்து மற்ற வெண்மீன்களோடு கலந்தது. கில்ச் என்று ஒரு மீன் இன்று இல்லை. ஏரி பின்னர் சுத்தமானது, கில்ச் திரும்பவில்லை. மற்ற இனங்களின் உடம்பில் அதன் மரபணுத் துண்டுகள் மிச்சமிருப்பதை 2022இல் கண்டறிந்தார்கள். துண்டுகள் இருக்கின்றன, அந்த மீன் இல்லை. வாஷிங்டன் ஏரிக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

கேள்வி (தூண்டில் பிரியர், ஏற்காடு): தூண்டில் போடுவதாலும் மீன் மாறுமா?

பதில்: மாறும். இல்லினாய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி என்ற சோதனை ஏரி. பாஸ் மீனைப் பிடித்து, அடையாளம் இட்டு, மீண்டும் விட்டார்கள். அடிக்கடி மாட்டிய மீன்களைத் தனியாகவும், மாட்டாத மீன்களைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். மூன்று தலைமுறையில் இரு வம்சங்களும் தெளிவாகப் பிரிந்தன. எளிதில் மாட்டுவது ஓரளவு பரம்பரைக் குணம் என்று உறுதியானது. நாம் பிடித்துக்கொண்டே போனால் ஏரியில் மிஞ்சுவது தூண்டிலை ஏறிட்டும் பார்க்காத வம்சம்.

கேள்வி (விவசாயி, ஈரோடு): காவிரியில் எங்கள் அப்பா காலத்தில் ஆள் உயர மஹசீர் பிடித்த கதை சொல்வார்கள். இப்போது காணோம். அதுவும் மாறிப் பிழைத்துக்கொள்ளுமா?

பதில்: இந்தக் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்ல எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனால் முடியாது.

காவிரிப் படுகையில் மட்டுமே இருக்கும் திமில் முதுகு மஹசீர், 50 கிலோவுக்கு மேலும் வளர்ந்த மீன். இதன் சரியான அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் தீர்ந்தது. அதே ஆண்டு, முற்றிலும் அழியும் விளிம்பில் உள்ளது என்று பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல், வேறு ஆற்று மஹசீரைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காவிரியில் விட்டது. அத்தனையும் ஒரே ஆயுட்காலத்துக்குள்.

கப்பி ஓராண்டில் மூன்று நான்கு தலைமுறை எடுத்துவிடும். ஸ்டிக்கிள்பேக் கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும், எவ்வளவு செத்தாலும் மிஞ்சுவதற்குச் சில உண்டு. மஹசீருக்கு ஒரு தலைமுறைக்கே ஆண்டுகள் பல வேண்டும். எண்ணிக்கையும் கையளவு. கூட்டம் சிறுத்தால் உள்ளே இருக்கும் மரபணு வகைகளும் சிறுக்கும். பரணில் ஒன்றும் இல்லாத வீடு. அதற்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, ஆறு அதற்கு ஏற்ற மாதிரி இருப்பது. மாயாற்றில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அங்கே தண்ணீர் குறையாமலும் வெடி விழாமலும் பார்த்துக்கொள்வது மீனின் கையில் இல்லை.

கேள்வி (வாசகி, யாழ்ப்பாணம்): வெப்பநிலை மாற்றத்துக்கு மீன்கள் ஈடுகொடுக்குமா?

பதில்: கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குளங்களில் ரோவன் பாரெட்டும் குழுவினரும் கடல் ஸ்டிக்கிள்பேக்கை விட்டார்கள். குளத்தில் குளிர்காலத்தில் தண்ணீர் கடலைவிடக் குளிர்ந்துவிடும். மூன்றே ஆண்டில் அந்தக் கூட்டம் முன்பைவிட 2.5 டிகிரி குறைந்த வெப்பத்தையும் தாங்கியது. செய்தி வெளியானபோது பலரும் தலைப்பை மட்டும் கொண்டாடினார்கள். பாரெட்டே எச்சரித்தார்: தாங்கக்கூடிய அபூர்வமான சில மீன்களே பிழைக்கின்றன, கூட்டம் நிலைத்து நிற்க அந்தச் சில போதாமல் போகலாம் என்று. அதோடு, அது குளிருக்குப் பழகிய கதை. சூட்டுக்கும் இதே மாதிரி நடக்கும் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர், திருச்சி): நடந்து முடிந்ததை விளக்குவது எளிது. நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? முடிந்தால்தானே அது அறிவியல்?

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்துக்குள் செனி என்று ஒரு ஏரி. அதில் அத்துமீறிப் புகுந்திருந்த பைக் மீனை ஒழிக்க மருந்து கலந்தபோது மற்ற மீன்களும் போயின. காலி ஏரி. 2009இல் மைக்கேல் பெல் குழுவினர், ராபிட் ஸ்லூ என்ற ஓடையில் பிடித்த கடல் ஸ்டிக்கிள்பேக்கை அதில் விட்டார்கள். ஸ்கவுட் என்ற இன்னொரு ஏரியிலும் 2011இல் விட்டார்கள். லோபெர்க்கில் தற்செயலாக நடந்ததை இந்த முறை நாள் குறித்துத் தொடங்கினார்கள். மரபணுத் தொகுப்பில் எந்தெந்த இடங்கள் மாறும் என்பதற்குப் பழைய ஏரிகளின் மீன்களே வரைபடம் தந்தன. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்தனி ஏரிகளில் மீண்டும் மீண்டும் மாறிய இடங்கள் எவையோ, அவையே புது ஏரியிலும் முதலில் மாறின. முடிவு 2021இல் வெளியானது. தொடர்பே இல்லாத ஏரிகளில் அதே பழைய வகைகள், ஒவ்வொரு முறையும், சில ஆண்டுகளில் மேலே வருகின்றன.

பிறகு கெனாய் தீபகற்பத்தில், பைக் ஒழித்த வேறு சில ஏரிகளிலும் 2019 வாக்கில் வெவ்வேறு வகை ஸ்டிக்கிள்பேக்குகளை விட்டிருக்கிறார்கள். ஆழமில்லாத ஏரியில் அடித்தரை மேயும் வகை ஜெயிக்குமா, ஆழமான ஏரியில் நடுநீரில் மிதவை உயிர் தின்னும் வகை ஜெயிக்குமா என்று இப்போதே எழுதிவைத்துக்கொண்டு, கோடைதோறும் பொறி போட்டுப் பிடித்து எண்ணுகிறார்கள். நீங்கள் முனைவர் பட்டம் முடிக்கும்போது அந்த ஏரிகளில் சில தலைமுறைகள் கடந்திருக்கும். விண்ணப்பித்துப் பாருங்கள், தம்பி.